பதினோரு நம்பர் பூட்ஸ்

"மேடம், இவன் என் கூடுகளை நாசம் பண்றான்!"

கதவைக்கூடத் தட்டவில்லை. முழங்கால் வரை சேறு, கையில் நோட்டு, மூக்கு நுனியில் கோபம். இப்படித்தான் கள அலுவலகத்துக்குள் வந்து நின்றாள் ஸ்கேல்.

பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டாள் என்பதால் கூடப் படிக்கிறவர்கள் வைத்த பேர் இது. அவள் பின்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தவன் குடை. சதுப்பு நிலத்தில் வேலை பழக வந்துவிட்டு, கரையில் குடையை விரித்து உட்கார்ந்து தொலைநோக்கியிலேயே பொழுதை ஓட்டுகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்?

இருவரும் சூழலியல் மாணவர்கள். கோடை விடுமுறையில் நாலு வாரக் களப்பயிற்சி. தரையில் முட்டையிடும் நெடுங்கால் உள்ளான் பறவையின் கூடுகளை, ஆளுக்குப் பத்து வீதம், தினமும் கவனித்து எழுத வேண்டும். பயிற்சி முடிந்ததும் இருவரில் ஒருவருக்கு இங்கேயே ஆராய்ச்சி உதவியாளர் வேலை. யாருக்கு என்று பயிற்சிக்குப் பொறுப்பான மேடம் நாளைக்குள் எழுதி அனுப்பியாக வேண்டும்.

ஸ்கேலுக்கு அந்த வேலை உயிர். அது கிடைக்கவில்லை என்றால் மாமாவின் டைல்ஸ் கடையில் போய் பில் போட உட்கார வேண்டியதுதான். வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "முதல்ல உட்காரும்மா. என்ன ஆச்சு?"

"என் பத்துக் கூட்டுல ஆறு காலி மேடம். ஒரு முட்டைகூட மிச்சமில்ல. இவனோட பத்தும் குத்துக்கல்லாட்டம் அப்படியே இருக்கு!"

"நரி தின்னிருக்கும்."

"நானும் அப்படித்தான் எழுதி வச்சேன். ஆனா ஒரு வாரமா மிச்சம் நாலு கூட்டுப் பக்கமும் பூட்ஸ் தடம். குறுக்கும் நெடுக்குமா, தண்ணி வரைக்கும் மிதிச்சு வச்சிருக்கான். பதினோரு நம்பர் பூட்ஸ். அளந்துட்டேன்."

"நீ அளக்காம இருப்பியா," என்று மேடம் குடையின் காலைப் பார்த்தார். அவன் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"நான் தினமும் காலையில ஒவ்வொரு கூட்டுக்கும் நேர்ல போய் முட்டையை அளக்கறேன் மேடம். இருபது நாள்ல ஒரு கட்டம்கூடக் காலியில்ல. இவன் நோட்டைப் பாருங்க, பாதிக்குப் பாதி வெறும் கட்டம்!"

"கிட்டப் போனா பறவை எழுந்து ஓடிடுது மேடம். அதான் தூரத்துலேருந்து…" என்று முனகினான் குடை.

"நல்லாருக்கே சாக்கு! சொந்தக் கூட்டுக்கு ஒரு நாளும் இறங்காத துரைக்கு என் கூட்டுல என்ன வேலை?"

நியாயமான கேள்விதானே?

"சொல்லுப்பா," என்றார் மேடம்.

"நான்தான் மேடம் கெடுத்தேன். ஆறையும் நான்தான். வேலையை அவளுக்கே கொடுத்துடுங்க."

"அடப்பாவி! ஏன் செஞ்ச?" என்றார் மேடம்.

"பொறாமை மேடம்."

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஸ்கேல் விடுகிற ஆளா?

"வாயால சொன்னா போதாது. ஆதாரம் வேணும். அங்க கம்பத்துல கேமரா இருக்கே மேடம், யார் நடமாடினாலும் தானா படம் எடுக்குமே, அந்த கார்டைப் போட்டுப் பார்ப்போம்."

"ஐயோ, வேணாம் மேடம்!" பதறிப்போனான் குடை. "அதான் ஒத்துக்கிட்டேனே!"

"எப்படிப் பயப்படறான் பாருங்க!"

கம்பத்திலிருந்து கழற்றி வந்திருந்த கார்டை மேடம் மேஜை டிராயரிலிருந்து எடுத்து கம்ப்யூட்டரில் செருகினார்.

முதல் படத்தில் காலை ஏழு மணி. ஸ்கேல் குனிந்து முட்டையை அளந்துகொண்டிருந்தாள். அவள் நடந்து வந்த வழியெல்லாம் புல் மடங்கி, பாதை ஒன்று நேராகக் கூட்டில் வந்து முடிந்தது.

அடுத்த படத்தில் எட்டேகால். நரி. மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு அதே பாதையில் வந்து அதே கூட்டில் நின்றது.

அடுத்த கூட்டிலும் முதலில் ஸ்கேல், பின்னாலேயே நரி. அதற்கடுத்ததிலும் அப்படியே.



போன வாரப் படங்கள் வந்தன. ஸ்கேல் போன கையோடு குடை வந்தான். அவள் பாதையில் இறங்கி, இடதும் வலதுமாக, தண்ணீர் ஓரம் வரை நடந்து நடந்து புல்லை மிதித்தான். ஒரே பாதை இருந்த இடத்தில் இப்போது பத்துப் பாதை. பின்னால் வந்த நரி மோப்பம் பிடித்து, தண்ணீர் வரை போய், சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு திரும்பியது. ஏழு நாளும் இதே கதை.



"நரியை நான்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்," என்றாள் ஸ்கேல். "இருபத்துமூணு முட்டை மேடம்." சொல்லிவிட்டு அழுதாள்.

மேடம் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு குடையிடம் திரும்பினாள். "டேய், உனக்கு எப்பத் தெரியும்?"

"போன வாரம். கரையிலேருந்து பார்த்தேன்."

"அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? கூட்டுப் பக்கமே போயிருக்க மாட்டேனே! எதுக்குடா தினமும் சேத்துல நடந்த? எதுக்குடா பழியை வேற ஏத்துக்கிட்ட?"

குடை பூட்ஸ் சேற்றைச் சுரண்டிக்கொண்டே சொன்னான்.

"சொன்னா, 'ஆறு கூடு போனதுக்குக் காரணம் நான்தான்'னு அன்னிக்கே நீயே உன் நோட்டுல எழுதிடுவ. உனக்குத்தான் மறைக்கவே தெரியாதே. அப்புறம் வேலை உனக்கு எப்படிக் கிடைக்கும்?"