ஒழுங்கா ஊதுங்கப்பா!

"ஊதுங்க... ஊதுங்க... விடாம ஊதுங்க! ஐயோ, நிறுத்திட்டீங்களே!"

மூச்சுப் பரிசோதனை அறையில் டெக்னீஷியன் பெண் போட்ட சத்தத்தில், வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்பா கன்னத்தை பலூன் மாதிரி உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காற்று குழாய்க்குள் போகாமல் கடைவாய் வழியாகப் புஸ்ஸென்று போனது.

மகனுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மரப்பட்டறையில் பாதி இழைத்த கதவை அப்படியே போட்டுவிட்டு, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். நுரையீரல் தாங்கும் என்று இந்த மெஷின் சொன்னால்தான் குடலிறக்க ஆபரேஷனுக்குத் தேதி கொடுப்பார்களாம். அப்படித்தான் அப்பா சொல்லியிருந்தார்.

வந்ததிலிருந்தே எல்லாம் கோணல். லிஃப்ட் ஓடவில்லை. அப்பா விறுவிறுவென்று படியேறிவிட்டார். மகன்தான் திருப்பத்தில் நின்று இருமித் தீர்த்துவிட்டு வந்தான்.

"இன்னும் விடலையாடா அது?"

"மரத்தூசுப்பா. தண்ணி குடிச்சா போயிடும். உங்க கதையைப் பாருங்க."

உயரம் அளக்கும்போதும் தகராறு. "எனக்கு முதுகு வளைஞ்சு போச்சும்மா. நிமிர்ந்தா இவன் உயரந்தான். இவனையே அளந்துக்கோ" என்று மகனைச் சுவரோரம் நிறுத்திவிட்டார். அந்தப் பெண்ணும் மறுபேச்சில்லாமல் அளந்துகொண்டாள்.

இப்போது என்னடாவென்றால் ஊத வரவில்லையாம்.

"காலமெல்லாம் பஸ்ல விசில் ஊதின கண்டக்டர் நீங்க. ஒரு குழாயை ஊத முடியலையா?"

"விசில் சின்னதுடா. இது வாய் கொள்ளலையே."

அடுத்த முறை ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினார். அதற்கடுத்த முறை நாக்கை நீட்டிக் குழாயை அடைத்தார். மூக்கில் மாட்டிய கிளிப் தெறித்து மேசைக்கடியில் ஓட, அதைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

"சிரிங்க, நல்லா சிரிங்க! தேதி தள்ளிப்போனா வலியில துடிக்கப்போறது நீங்க. நான் ஒருநாள் லீவு கேட்டதுக்கே அந்த ஆள் குதிகுதின்னு குதிச்சாரு. ஒழுங்கா ஊதுங்கப்பா!"

"திட்டாதேடா. பாத்தா கத்துக்குவேன். நீதான் ஒரு தடவை ஊதிக் காட்டேன்."

அவன் பதில் சொல்வதற்குள் அந்தப் பெண் புதுக் குழாய் ஒன்றைப் பிரித்து மாட்டிவிட்டாள். "கிளிப்பும் போட்டுக்குங்க. அப்பதான் அவருக்குப் புரியும்."

இருந்த கோபத்தை எல்லாம் சேர்த்து மகன் மூச்சை இழுத்தான். ஒரே வீச்சில் வெளியே தள்ளினான். "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்!" என்று அவள் பழக்கதோஷத்தில் அவனையும் விரட்டினாள். நெஞ்சுக்குள் எண்ணெய் காணாத கீல்போல ஏதோ கிறீச்சிட்டது.

"புரிஞ்சுதாப்பா?"

"கண்ணாடியைத் துடைச்சிட்டிருந்தேன். இன்னொருக்கா."

பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொருக்கா ஊதினான்.

"இப்ப?"

"விடுறது புரிஞ்சுது. இழுக்கிறதுதான் பிடிபடலை."

மூன்றாம் முறை ஊதி முடித்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணில் நீர் தளும்ப, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பாவின் முகத்தில் இப்போது சிரிப்பில்லை.

"போதும். மூணும் ஒரே மாதிரி வந்திருக்கு" என்று அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னாள். "டாக்டர்கிட்ட போகலாம்."

"என்ன மூணு? அவர் ஒரு தடவைகூட உருப்படியா ஊதலையே!"

அப்பா தன் பழைய குழாயை எடுத்து மெஷினில் மாட்டினார். கிளிப்பைத் தானே மூக்கில் போட்டுக்கொண்டார். யாரும் விரட்டாமலே ஊதினார், ஊதிக்கொண்டே இருந்தார். டிப்போவில் நிற்கும் அத்தனை பஸ்ஸும் கிளம்பிவிடும்போல.

பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, மகனின் தோளைப் பிடித்து டாக்டர் அறைப்பக்கம் திருப்பினார்.

"நீ என்னைக் கூட்டிட்டு வரலைடா. நான்தான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன்."