வாலு கேட்ட வில்

"பொம்மை வில்லு வேணாம்பா. நிஜ வில்லு வேணும். பட்டா வலிக்கணும்."

தச்சன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சிரித்தான். "யாருக்கு வலிக்கணும்? உங்க டீச்சருக்கா?"

"சேச்சே, டீச்சர் நல்லவங்க" என்றாள் மகள். எட்டு வயது. செய்கிற சேட்டைக்கு வீட்டில் அவள் பெயர் வாலு.

ஞாயிற்றுக்கிழமை. பட்டறைக்கு விடுமுறை. வாரம் முழுக்க யார் யார் வீட்டுக்கோ கட்டிலும் அலமாரியும் செய்கிறவன், இன்று தன் வீட்டுப் பின்வாசலில் மகளுக்காகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு மாதமாக நச்சரிக்கிறாள். இனியும் சாக்குச் சொல்ல முடியாது.

மரம் நல்ல மரம். முடிச்சே இல்லாமல் நேராக இழை ஓடிய சட்டம். அவளை நிற்கவைத்து உயரம் பார்த்தான். கையை நீட்டச் சொல்லி நீளம் பார்த்தான். நடுவில் பிடிக்குத் தடிமனாக விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் இழைப்புளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினான். சீவல் சுருள்களைக் காதில் மாட்டிக்கொண்டு ஆடுகிறவள், இன்று அவற்றைத் தொடக்கூட இல்லை. அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமைக்குள்ள முடிஞ்சிடுமாப்பா?"

"சனிக்கிழமையா? மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சிடுறேன் பாரு. உங்கப்பன் யாருன்னு நெனச்ச?"

மனைவி டீ கொண்டுவந்தாள். வலது கை விரல்களில் துணி சுற்றியிருந்தது. டம்ளரை இடது கையால் நீட்டினாள்.

"கையில என்ன?"

"கதவுல நசுங்கிடுச்சு."

"பாத்து சாத்தக் கூடாதா? ரொம்ப வீங்கியிருக்கு போலிருக்கே. ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"ஒண்ணும் வேணாம்." அவள் முகம் கொடுக்காமல் உள்ளே போய்விட்டாள்.

அவன் மறுபடி வேலையில் குனிந்தான். சட்டத்தை முட்டியில் கொடுத்து வளைத்துப் பார்த்தான். இடது பக்கம் முரண்டு பிடித்தது. இன்னும் நாலு இழுப்பு சீவினான். இப்போது இரண்டு பக்கமும் ஒன்றுபோல வளைந்தன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முனைகளில் வெட்டுப் போட்டு, நைலான் கயிற்றை இறுக்கிக் கட்டினான். சுண்டிவிட்டதும் கயிறு விண்ணென்று அதிர்ந்தது.

வாலு வாங்கி இழுத்தாள். பல்லைக் கடித்து, முகம் சிவக்க, காது வரை இழுத்துவிட்டாள்.

"அடேங்கப்பா! என் பொண்ணுடி நீ!" தச்சனுக்குப் பெருமை பிடிபடவில்லை. மெல்லிய குச்சி ஒன்றை அம்பாகச் சீவி, முனையில் துணியைச் சுற்ற ஆரம்பித்தான்.

"துணி வேணாம்பா. ஆணி வைங்க."

"அடி வாங்குவ. யார் கண்ணுலயாவது பட்டா என்ன ஆகுறது?"

"கண்ணுல அடிக்க மாட்டேன். முட்டியில அடிப்பேன். நடக்க முடியாம போனா போதும்."

துணி சுற்றிக்கொண்டிருந்த அவன் கை நின்றது. "யாரு முட்டியில? ஸ்கூல்ல எவனாவது வம்பு பண்றானா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அம்மா வருகிறாளா என்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, அவன் காதோடு சொன்னாள். "ராத்திரி ஒரு ஆளு வர்றாருப்பா."

"எங்க?"

"நம்ம வீட்டுக்கு. சனிக்கிழமை ஆனா வருவாரு."

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சனிக்கிழமைதான் அவன் பட்டறை ஆட்களோடு குடிக்க உட்கார்ந்துவிட்டு நேரங்கழித்துத் திரும்புகிற நாள். வந்து கட்டையைச் சாய்த்தால் விடிந்துதான் கண் திறப்பான். அது தெரிந்தே எவனோ வருகிறான்.

"கதவை யாரு தொறந்துவிடுறது?"

"அம்மாதான்."

நெஞ்சில் உளி இறங்கியது. சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பத்து வருடக் குடித்தனம். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். இவளா?

"வந்து... வந்து என்ன பண்ணுவான்?"

"அம்மாவ அடிப்பாரு. நான் கட்டிலுக்கு அடியில போயி படுத்துக்குவேன். நேத்து அம்மா கைய கதவு இடுக்குல வச்சு நசுக்குனாரு. அம்மா கத்தவே இல்லப்பா. நான் எந்திரிச்சிடுவேன்னு வாயப் பொத்திக்கிட்டாங்க."

ஒரு நொடி முன்னால் மனைவியைச் சந்தேகப்பட்டதற்காக அவனுக்கு வெட்கமாக இருந்தது. கதவில் நசுங்கியது என்றாளே! எவனுக்குப் பயந்து இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தாள்? கைக்குச் சுத்தியல்தான் அகப்பட்டது. அதோடு எழுந்தான்.

"வில்லைக் கீழ வை. இது குழந்தை பண்ற வேலை இல்ல. அவன் கால நான் ஒடிக்கிறேன். நீ ஆளை மட்டும் காட்டு. இந்தத் தெருதானா? எனக்குத் தெரிஞ்சவனா?"

வாலு வில்லைக் கீழே வைக்கவில்லை. சொல்லலாமா கூடாதா என்று யோசிக்கிறவள்போல அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சொல்லும்மா. அப்பா இருக்கேன்ல? பயப்படாம சொல்லு. பாக்க எப்படி இருப்பான்?"

"அச்சு அசலா உங்கள மாதிரியே இருப்பாருப்பா, உங்க சட்டையத்தான் போட்டிருப்பாரு" என்றாள் வாலு. "ஆனா அது அப்பா இல்லைன்னு அம்மா சொல்லியிருக்காங்க."