சுவரில் ஓர் இடம்

“பெல்ட்டை எங்கடி வச்சே?” என்றாள் அம்மா.

பெரியவள் வாயைத் திறக்கவில்லை. நான்காம் வகுப்பு படிக்கிறாள். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது என்று டீச்சரிடம் பெயர் வாங்கியவள், அன்றைக்குப் பார்த்து வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டாள்.

அது இடுப்பு பெல்ட் இல்லை. சக்கர நாற்காலியில் தம்பியின் மார்பைச் சுற்றிக் கட்டுவது. அவனுக்கு எட்டு வயது. கழுத்து நிற்காது, பேச்சு வராது, சாப்பாடு வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான். பெல்ட் இல்லாவிட்டால் அப்படியே முன்னால் சரிந்துவிடுவான்.

விடிந்தால் தீம் பார்க்.

அதற்காக அம்மா பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. பார்க்குக்குப் போன் போட்டு, “டயபர் மாத்த இடம் இருக்குங்களா?” என்று கேட்டாள்.

“இருக்கு மேடம். கைக்குழந்தைக்குன்னே தனி ரூம்.”

“இவனுக்கு எட்டு வயசுங்க.”

“அவ்வளவு பெரிய பையனுக்கு இடம் இல்லையே மேடம்.” அம்மா விடவில்லை. கெஞ்சிக் கூத்தாடி, முதலுதவி அறைக் கட்டிலைத் தர சம்மதிக்க வைத்தாள். சளி உறிஞ்சும் மிஷினுக்கு சார்ஜ் போட ஒரு ப்ளக் பாயின்ட். நாற்காலியோடு ஏற்றிக்கொள்ள ஒரே ஒரு ராட்டினம். அதுவும் மார்பு பெல்ட் போட்டிருந்தால் மட்டும்.

டிவியில் ராட்டினம் சுற்றினால் தம்பி கண்ணை அகல விரித்துச் சிரிப்பான். இன்னது அவனுக்குப் பிடிக்கும் என்று அடித்துச் சொல்ல அந்த வீட்டில் வேறு எதுவும் கிடையாது.

“அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு மட்டும் தள்ளிப் போடாதீங்க” என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏன் என்பது அம்மா அப்பாவுக்கு மட்டும் தெரியும். சின்னப் பிள்ளையிடம் போய் இதையெல்லாம் சொல்வார்களா?

அந்தச் சின்னப் பிள்ளைதான் விடாமல் குட்டையைக் குழப்பிக்கொண்டிருந்தாள். முதல் தடவை, வாசலில் வண்டி நிற்கும்போது வயிறு வலிக்கிறது என்று தரையில் புரண்டாள். அடுத்த தடவை டிரைவரின் போனை இவளே எடுத்து, “தம்பிக்கு ஜுரம், வராதீங்க அங்கிள்” என்று சொல்லிவிட்டாள். இப்போது பெல்ட்டைக் காணோம்.

ஒத்தாசைக்கு வந்திருந்த அத்தை, பெரியவளின் புத்தகப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். விளையாட்டு வகுப்புச் சட்டைக்குள் சுருட்டி வைத்த பெல்ட் பொத்தென்று விழுந்தது.

அம்மா அறைந்த அறையில் பெரியவளின் ஹேர்பேண்ட் தெறித்துப் போனது. அப்போதும் அவள் அழவில்லை.

“பார்த்தியா அண்ணி? நான் அப்பவே சொன்னேன், பொறாமை!” என்றாள் அத்தை. “பிஞ்சிலேயே இவ்வளவு வன்மமா!”

பொறாமைப்பட்டாலும் குற்றம் சொல்வதற்கில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் அவள் போவது விளையாட அல்ல, தம்பியின் சிகிச்சை மையத்துக்கு. சுவரோரம் ஒரு பெஞ்ச். வீட்டுப்பாடம் அங்கேதான், தூக்கமும் அங்கேதான். போன பிறந்தநாளும் அங்கேதான் கழிந்தது.

அப்பாவுக்கு அதெல்லாம் நினைவு வரவில்லை.

“உன்னை மாதிரி அவனால ஓட முடியுமா, ஆட முடியுமா? ஒரே ஒரு நாள் அவன் சந்தோஷமா இருக்கப் போறான். அதைக்கூடப் பொறுக்க முடியலையா உனக்கு?”

போன் அடித்தது. மையத்திலிருந்து, பிள்ளைகள் ‘சிரிப்பு ஆன்ட்டி’ என்று கூப்பிடுகிறவர். குழந்தைகளை பார்க்குக்கு அனுப்ப ஏற்பாடு செய்வது இவர்தான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

“எல்லாம் ரெடியா? நாளைக்கு நான் கேமராவோட வந்துடுவேன். ராட்டினத்துல தம்பி சிரிக்கிற மாதிரி ஒரு படம். நம்ம மையத்துச் சுவர்ல மாட்ட நல்ல இடமா ஒதுக்கி வச்சிருக்கேன்!”

“வேண்டாம்!”

பெரியவள் பாய்ந்து போனைப் பிடுங்கினாள். “எங்க தம்பியை அங்க மாட்டாதீங்க ஆன்ட்டி! மாட்டாதீங்க!”

அப்பா கையை ஓங்கினார். அம்மா குறுக்கே விழுந்து தடுத்தாள்.

“இருங்க. என்னடி ஆச்சு உனக்கு? ஏன் மாட்டக் கூடாது?”

இப்போதுதான் அழுகை வந்தது அவளுக்கு. விக்கி விக்கிப் பேசினாள்.

“பச்சைத் தொப்பி அண்ணன் இருந்தான்லம்மா, நான் படம் வரைஞ்சா கண்ணடிப்பானே... அவன் பார்க்குக்குப் போனான். போட்டோ மாட்டினாங்க. அப்புறம் வரவே இல்ல. ரெட்டை ஜடை பாப்பாவும் போயிட்டு வந்துச்சு. அதுக்கும் மாட்டினாங்க. அதுவும் வரல. கேட்டா, வேற ஊருக்குப் போயிட்டாங்கன்னு சொல்றாங்க. எல்லாருமே எப்படிம்மா ஊருக்குப் போவாங்க?”

ஆன்ட்டி இன்னும் லைனில்தான் இருந்தார்.

“நான் தினம் அந்தச் சுவர்கிட்டதானே உட்கார்றேன். அதுல இருக்கறவங்க ஒருத்தர்கூட இப்ப வர்றதில்ல.”

அத்தை தலையைக் குனிந்துகொண்டு, கொட்டிக் கிடந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பையில் அடுக்க ஆரம்பித்தாள். அப்பாவின் ஓங்கிய கை எப்போது இறங்கியதென்று அவருக்கே தெரியாது.

பெரியவள் பெல்ட்டை எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“பார்க்குக்குப் போகலன்னா தம்பி இருப்பான்லம்மா?”