சந்தனம் பூசிய தலை

அடுக்குமாடி கட்டுவதற்காக அடுத்த வாரம் இடிக்கவிருந்த பழைய அரிசி மில், விடியலில் தீப்பிடித்துக் கூரை சரிந்து கிடக்கிறது. காவலாளி பூபாலன் தினமும் உள்ளேதான் படுப்பான். தீயணைப்புக்காரர்கள் அவனைச் சாம்பலில் தேடுகிறார்கள். கருகிய தவிட்டு நாற்றத்தில், அவன் மனைவி புஷ்பலதா மில் கேட்டின் கம்பியை விடாமல் நிற்கிறாள். மலைக்கோயில் பக்கமிருந்து சந்தனம் பூசிய மொட்டைத்தலை ஒன்று இளவெயிலில் மினுங்கிக்கொண்டு வருகிறது. யாரோ பக்தர் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அந்தத் தலை அவளருகில் வந்து நின்று மில்லையே பார்க்கிறது. "இன்னா புஷ்பா இது? இத இடிக்கக்கூடாதுன்னு வேண்டிக்கினு இப்பதான் முருகனுக்கு முடி குடுத்துட்டு வரேன்." அவள் இரண்டு கைகளாலும் அந்தத் தலையைப் பிடித்துக்கொள்கிறாள். விரலெல்லாம் ஈரச் சந்தனம் அப்புகிறது. அழுகையும் சிரிப்புமாகப் புருஷனிடம் சொல்கிறாள்: "ஆங், இனிமே யாரும் இடிக்க மாட்டாங்க பாவா."