மூன்றாம் ஓலை

"சாமி, என் மகளுக்கு இன்னிக்கு மூணாவது ஓலை வாசிக்காதீங்க. கல்யாணத்துக்குத் தடை இருக்கு."

பூசைக்குக் கிளம்பிய பங்குச் சாமியார் திகைத்தார். மூன்று ஞாயிறு கோவிலில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால்தான் கல்யாணம். பெண்ணைப் பெற்றவனே தடையோடு வந்து அவர் பார்த்ததில்லை.

"மாப்பிள்ளைக்கு வேற குடும்பம் இருக்கா பவுல்ராஜ்?"

"அப்படின்னாக்கூடப் பேசித் தீத்துக்கிரலாம் சாமி. அவங்கப்பன் ஞானதாஸ், கவுன்சிலர் மலைச்சாமிக்கு ஒரு வாரமா ஓட்டுக் கேட்டு அலையிறான்!"

பக்கத்தில் நின்ற மகள் அனிஷாவுக்குக் கண் கலங்கியது. ராபினைத் தவிர யாரையும் கட்டமாட்டேன் என்று அந்த ஒரு வாரமாக அவள் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

"நம்ம தெருவுக்குக் குழாய் போட்டது அவருதானப்பா? லைட்டு போட்டதும் அவருதான்."

"அதெல்லாம் அரசாங்கம் செஞ்சது. என் பழக்கடை முன்னாடி சாக்கடைக்குக் குழி வெட்டிப் பதினொரு நாளு மூடாமப் போட்டானே, அதுதான் அவன் செஞ்சது!"

ஐந்து வருடமாக அந்தக் குழாய்த் தண்ணீரைத்தான் குடிக்கிறார். நாள் கணக்கு மட்டும் குழிக்கு வைத்திருக்கிறார், எதிர்க்கட்சிக்காரர் அல்லவா! வரும் வழியில் மலைச்சாமி வீட்டுக் கொடிக்கம்பம் மொட்டையாக நின்றதைப் பார்த்து, "தோத்துருவோம்னு இப்பவே கொடிய எறக்கிட்டான்" என்று சிரித்துக்கொண்டே வந்திருந்தார்.

மூச்சு வாங்க ஓடி வந்தான் ராபின்.

"மாமா, விசயம் தெரியுமா? மலைச்சாமி நேத்து உங்க கட்சியில சேந்துட்டாரு. இந்த எலெக்சன்ல உங்க கட்சி சீட்டே அவருக்குத்தானாம்!"

பவுல்ராஜ் எச்சில் விழுங்கினார். கொள்கையை மாற்றிக்கொள்ள அவருக்கு அவ்வளவு நேரம் போதுமாக இருந்தது.

"யாரு, நம்ம மலைச்சாமி அண்ணனா? தெருவுக்கே தண்ணி கொண்டாந்த மனுசனாச்சே! சாமி, நீங்க ஓலைய வாசிங்க."

வெட்கங்கெட்ட அப்பாதான். இருந்தாலும் அனிஷாவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அதற்குள் ராபினுக்குப் பின்னாலேயே வந்த ஞானதாஸ், கடுகடுவென்று படியேறினார்.

"வாசிக்காதீங்க சாமி! எங்க கட்சிய விட்டு ஓடுன மலைச்சாமியோட கட்சிக்காரன் வீட்டுல நான் பொண்ணெடுக்க மாட்டேன்!"