கறுப்பாடு கேட்ட பெயர்

ஆடு மாடுகளுக்குப் பெயரே இல்லாத காலம் அது. ஒச்சாயி ஒரு சீட்டியடித்தால் போதும், மலையடியில் மேயும் அவள் ஆடுகள் அத்தனையும் பட்டிக்குத் திரும்பிவிடும்.

ஒருநாள் வெள்ளை ஆடு மட்டும் திரும்பவில்லை. சீட்டியடித்து வாய் ஓய்ந்தவள் பாறைமேல் ஏறி நின்று, "ஏ வெள்ளச்சீ! எங்கடி போன?" என்று கதறினாள்.

கறுப்பாட்டின் காது விறைத்தது. "அவ யாரைக் கூப்பிடுறா?" என்று முதுகில் உட்கார்ந்திருந்த கரிச்சான் குருவியைக் கேட்டது.

"காணாமப் போனவளை. கூடவே இருக்கிற உனக்குத்தான் சீட்டி போதுமே."

மறுநாள் கறுப்பாடு புதருக்குள் பதுங்கிக்கொண்டது. தனக்கு என்ன பெயர் வருமோ என்று மேய்ச்சலை மறந்து காத்திருந்தது. பொழுது சாயும்போது சீட்டி கேட்டது. அது அசையவில்லை. பிறகு ஒச்சாயியின் குரல் வந்தது.

"ஏ வெள்ளச்சீ!"

கறுப்பாடு கொஞ்ச நேரம் மண்ணையே பார்த்தது. பிறகு, "ம்மே" என்றது.

ஓடி வந்தவளின் முகம் வாடிப்போனது. "நீயா?" என்று அதன் காதைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். வழியெல்லாம் மலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்து அந்தப் பெயரையே கூவினாள். அவள் கூவும்போதெல்லாம் கறுப்பாடு பதில் குரல் கொடுத்துக்கொண்டே கூட நடந்தது.