திதிக்கு வந்த கண்

கருவிழி கூம்பு மாதிரிப் புடைத்துப்போன பேச்சியப்பனுக்கு டாக்டர் ஆபரேஷனுக்கு முன்பே இரண்டு வழியும் சொல்லியிருந்தார். செத்தவர் கருவிழியின் மேலடுக்கை மட்டும் வைத்தால் உடம்பு அவ்வளவாகச் சண்டை போடாது, செத்தவர் வீட்டோடு உறவும் ஒட்டாது. முழுசாக மாற்றினால் பார்வை இன்னும் கூர்மை. ஆனால் சட்டப்படி வருஷா வருஷம் அந்த வீட்டுத் திதிக்குப் போய், செத்தவர் இடத்தில் உட்கார வேண்டும். லாரி ஓட்டுகிறவன், கூர்மைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டான்.

இது மூன்றாவது திதி. மகனைப் பறிகொடுத்த சண்முகவடிவு, படம் வைக்க வேண்டிய இடத்தில் பேச்சியப்பனை உட்கார வைத்து, இலை போட்டு, வலது கண்ணையே உற்றுப் பார்த்தாள்.

"போன வருஷம் எம் புள்ள ஒரே கலங்கலா இருந்தானே, தம்பி. அதுலருந்து எனக்குச் சோறு இறங்கல. இப்ப தெளிஞ்சுட்டான், இல்ல?"

கலங்கிக் கிடந்ததுதான் அவள் மகன். உடம்பு ஒத்துக்கொள்ளாமல் அதை வெட்டிக் குப்பையில் போட்டாயிற்று. இப்போது இருப்பது ஆய்வகத்தில் வளர்த்தது. யார் பெற்ற பிள்ளையும் இல்லை. அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் பேச்சியப்பன் பஸ் ஏறி வந்திருந்தான்.

"ஆமாம்மா," என்றான்.

அவள் இலையில் இன்னொரு வடை வைத்தாள்.

"அடுத்த வருஷமும் அவனைக் கூட்டிட்டு வந்துருப்பா."